சிப்பிக்கல் மதிலுக்குள்ளே



கோட்டை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் படித்தவனுக்கு முதலில் நினைவுக்கு வருவன பூக்கள். பகைவனுடைய மதிலை வளைத்துக்கொள்ளப் போகின்றவர்கள் உழிஞைப் பூவைச் சூடினார்கள். மதிலைக் காத்து நின்றவர்கள் நொச்சிப் பூவைச் சூடினார்கள். தொல்காப்பியர் இவ்விரண்டு செயல்களையும் உழிஞைத் திணைக்குள்ளேயே அடக்கினார். பிற்காலத்தில் புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்தார். வளைப்பவனுக்கு ஒரு பூ, காப்பவனுக்கு ஒரு பூ என்று கணக்குச் சரியாகிவிட்டது. உயர்தர வகுப்பில் இந்தப் பாகுபாட்டை நான் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். மாணவர்களும் மனனம் செய்து எழுதிப் புள்ளிகளைப் பெற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒரு கோட்டைக்குள் இருப்பவர்கள் எல்லோரும் பூச் சூடியவர்கள்தாமா? மதிலைக் கட்டக் கல் சுமந்தவன் இருக்கிறான். வீடு வாசலை விட்டு அடைக்கலம் புகுந்த குடியானவன் இருக்கிறான். பிடித்துக்கொண்டுவந்து அடைக்கப்பட்டவனும் இருக்கிறான். இவர்கள் எந்தத் திணைக்கு உரியவர்கள்? ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், ஸ்பானியர் கட்டிய ஒரு கடற்கோட்டையின் முற்றத்திலே நின்றபோது எனக்கு இந்த வினா எழுந்தது. அந்தக் கோட்டையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் தமையனாரின் மகன் புளோரிடா மாநிலத்தில் ஜக்சன்வில் என்ற நகரிலே வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு அவனிடம் போயிருந்தபோது, "சித்தப்பா, டிஸ்னிக்கெல்லாம் பேந்து போவம். முதலிலை உங்களுக்கு ஒரு கோட்டை காட்டிறன்" என்று காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டான். ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. சென்ற் ஓகஸ்டின் என்ற அந்தச் சிறிய பட்டினத்தை அடைந்துவிட்டோம்.

அமெரிக்கா என்றால் வானளாவிய கட்டடங்களையே எண்ணிக்கொள்ளும் நமக்கு இந்தப் பட்டினம் ஒரு வியப்பு. ஒடுங்கிய தெருக்கள், மரத்தாலான மேல்மாடங்கள், வாயிலில் இரண்டு பழைய தூண்கள். 1565ஆம் ஆண்டு மெனெண்டெஸ் என்ற ஸ்பானியத் தளபதி இதனை நிறுவினார். அவருடைய கப்பல்களிலிருந்து கரை தென்பட்ட நாள் ஓகஸ்ட் 28, புனித அகுஸ்தீனாரின் திருநாள். அதனால் அவருடைய பெயரே ஊருக்கு வாய்த்தது. ஐரோப்பியர் இன்றைய ஐக்கிய அமெரிக்காவில் அமைத்து, இடையறாது மக்கள் வாழ்ந்துவரும் நகரங்களுள் இதுவே மிகப் பழையது. இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் வர்ஜீனியாவிலே குடியேறுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே ஸ்பானியரின் பூசை நடந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் நமது வரலாற்றோடு பொருந்தும் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். 1580 தொடக்கம் 1640 வரையில் ஸ்பானியாவும் போர்த்துக்கலும் ஒரே அரசனின் கீழ் இருந்தன. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் பறங்கியர் கைக்கு மாறியபோது லிஸ்பனுக்கும் மட்ரிட்டுக்கும் மன்னர் ஒருவரே. எங்கள் பண்ணைக் கடலோரத்திலே காவல் நின்ற சிப்பாயும், அத்திலாந்திக்கின் மறுகரையிலே சென்ற் ஓகஸ்டினில் காவல் நின்ற சிப்பாயும் ஒரே முடியின் பெயரால் துவக்குப் பிடித்தவர்கள். சரித்திர ஆசிரியர்கள் இதனை வகுப்பில் சொல்வார்களோ தெரியாது. சொன்னால் மாணவருக்கு உலகப் படம் சற்றே சுருங்கிக் கைக்குள் வரும்.

கோட்டையின் பெயர் கஸ்தியோ டி சான் மார்க்கோஸ். புனித மாற்குவின் கோட்டை என்று பொருள். நீர்க்கரையிலே சதுரமாக அமர்ந்திருக்கிறது. நான்கு மூலைகளிலும் அம்புநுனி போல வெளியே நீண்ட நான்கு கொத்தளங்கள். புல் முளைத்த நீரற்ற அகழி. பாலத்தைக் கடந்து உள்ளே போனால் விசாலமான முற்றம், அதனைச் சூழ வளைகூரை அறைகள். மதில்கள் ஏறத்தாழ 30 அடி உயரம். துறைமுகத்தை நோக்கிய பக்கத்தில் அடிப்பகுதியின் தடிப்பு 19 அடி வரை செல்கிறது. அக்காலத்தில் மதிலுக்கு வெண்சாந்து பூசி, காவற் கூண்டுகளுக்குச் சிவப்பு வர்ணம் தீட்டியிருந்தார்களாம். இன்று எல்லாம் கருமை படிந்த சாம்பல் நிறம். உச்சியிலே வெள்ளைத் துணியில் சிவப்புக் குறுக்குச் சிலுவை தீட்டிய பழைய ஸ்பானியக் கொடி பறக்கிறது.

இந்தக் கோட்டைக்கு முன்னர் அதே பட்டினத்தில் ஒன்பது கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. எல்லாம் மரக் கோட்டைகள். ஈரக் காற்றும் கறையானும் அவற்றைத் தின்றன; எஞ்சியதை எதிரி எரித்தான். 1586இல் பிரான்சிஸ் டிறேக் வந்து ஊரையே கொளுத்தினார். 1668இல் றொபேட் சேர்ல் என்ற கடற்கொள்ளைக்காரன் இரவிலே புகுந்து சூறையாடினான். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர் வடக்கே கரோலினாவில் சார்ள்ஸ் ரவுணை அமைத்து அயலவராகிவிட்டனர். அதற்குப் பின்னரே ஸ்பானிய அரசு விழித்துக்கொண்டது. மெக்சிக்கோவிலிருந்து பணம் வந்தது. ஹவானாவிலிருந்து இக்னாசியோ டாசா என்ற பொறியியலாளர் வந்தார். 1672 ஒக்ரோபர் 2ஆம் திகதி அத்திவாரம் தோண்டத் தொடங்கினார்கள். கட்டி முடிக்க 1695ஆம் ஆண்டாயிற்று. டாசா மறு ஆண்டே இறந்துபோனார். தாம் வரைந்த மதில் எழும்பியதை அவர் காணவில்லை.

கல்லைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கோட்டையைப் பற்றிச் சொல்ல முடியாது. புளோரிடாவின் அந்தக் கரையில் கருங்கல் இல்லை. எங்கும் மணல். ஆனால் எதிரேயுள்ள அனஸ்தாசியா என்னும் தீவிலே மண்ணுக்குக் கீழே ஒரு விநோதமான கல் படிந்து கிடந்தது. மட்டி போன்ற சிறு சிப்பிகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கரையொதுங்கி, நொருங்கி, மழைநீரில் கரைந்த தம் சுண்ணாம்பினாலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கல். ஸ்பானியர் அதனைக் கொக்கீனா என்றனர். சிறு சிப்பி என்பதே அச்சொல்லின் பொருள். நாம் சிப்பிக்கல் எனலாம். நிலத்துக்குள் ஈரத்தோடு இருக்கும்போது கோடரியால் வெட்டத்தக்க மென்மை. வெளியே எடுத்து வெயிலிலும் காற்றிலும் உலரவிட்டால் இறுகிக்கொள்ளும். ஒட்டும் சாந்தும் கடல் தந்ததுதான். கிளிஞ்சல்களைச் சூளையிலே சுட்டுச் சுண்ணாம்பு செய்தார்கள்.

முன்பு சொன்ன அந்த நகரவாயில் தூண்கள் 1808இல் இதே கல்லாற் கட்டப்பட்டவை. "கிட்ட வந்து பாருங்கோ சித்தப்பா, எங்கடை முருகைக்கல் மாதிரியெல்லோ!" என்றான் பெறாமகன். பதின்மூன்று வயதிலே ஊரைவிட்டுப் போன பிள்ளை முருகைக்கல்லை மறக்கவில்லை என்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. உண்மையிலே இரண்டும் வேறு. எங்கள் கல் பவளப் பூச்சிகள் கட்டியது. அவர்கள் கல் சிப்பிகள் விட்டுச் சென்றது. ஆனாலும் கடல் பெற்ற சகோதரங்கள் என்று சொல்லலாம். கிட்ட நின்று பார்த்தால் ஒவ்வொரு சிப்பியின் வரியும் தனித்தனியே தெரிகிறது.

இந்த மென்மையே கோட்டையின் காவலாயிற்று. கருங்கல் மதிலைப் பீரங்கிக் குண்டு தாக்கினால் கல் வெடித்துச் சிதறும். சிதறல்களே உள்ளிருப்பவனைக் கொல்லும். சிப்பிக்கல்லோ துளைகள் நிறைந்தது. குண்டு வந்து பட்டால் அந்த இடம் மாத்திரம் நசுங்கி இடங்கொடுக்கும், வெடிப்பு ஓடாது. குண்டு புட்டுக்குள் விரல் அமிழ்ந்ததுபோல அமிழ்ந்து நின்றுவிடும். புளோரிடாப் பல்கலைக்கழகத்துப் பொறியியலாளர்கள் அண்மைக் காலத்தில் இக்கல்லை ஆய்வுகூடத்திலே சோதித்து, அதிர்ச்சியை உள்வாங்கும் இத்தன்மையை உறுதிசெய்திருக்கிறார்கள். கட்டியவர்கள் இதை முன்கூட்டி அறிந்து செய்யவில்லை. கிடைத்த கல்லைக் கொண்டு கட்டினார்கள், கல் கைகொடுத்தது.

ஸ்பானியர் கட்டிய கோட்டை என்று நாம் ஒரே வார்த்தையிலே சொல்லிவிடுகிறோம். மட்ரிட்டிலிருந்து வந்தவர் எவரும் அந்தத் தீவிலே கல் வெட்டவில்லை. ஹவானாவிலிருந்து கூட்டிவந்த கொத்தர்கள், அடிமைகளான ஆபிரிக்கர்கள், தண்டனைக் கைதிகள், பிடிபட்ட ஆங்கிலேயர் சிலர் ஆகியோர் வேலை செய்தனர். மிகப் பெரும் சுமையைத் தாங்கியவர்கள் குவாலே, திமுக்குவா, அப்பலாச்சி ஆகிய ஆதிக்குடி மக்கள். தத்தம் ஊர்களிலிருந்து முறை வைத்து அழைக்கப்பட்டு, நாட்கூலிக்கும் சோளத்துக்குமாகக் கல் வெட்டினார்கள்; படகிலே ஏற்றினார்கள்; சூளை எரித்தார்கள்.

இவர்களில் திமுக்குவா மக்களைப் பற்றி ஒரு தமிழாசிரியன் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னால் பொறுத்துக்கொள்வீர்கள் என நம்புகிறேன். பிரான்சிஸ்கோ பரேஹா என்ற துறவி இவர்களிடையே வாழ்ந்து, இவர்களுடைய மொழியைக் கற்று, 1612இல் மெக்சிக்கோ நகரத்திலே திமுக்குவா மொழியில் ஞானோபதேச நூல் அச்சிட்டார். 1614இல் அம்மொழிக்கு இலக்கணமும் வெளியிட்டார். நம் மொழியிலே தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சேறியது 1578இல். ஆக, அச்சுக்கலை என்ற படகிலே தமிழும் திமுக்குவாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே நோக்கமுடைய துறவிகளால் ஏற்றப்பட்டவை. தமிழ் இன்று வானொலியில் பேசிக்கொண்டிருக்கிறது. திமுக்குவாவைப் பேச இன்று உலகில் ஒருவரும் இல்லை. கொள்ளை நோயும் போரும் அந்த மக்களைத் துடைத்துவிட்டன. 1763இல் ஸ்பானியர் புளோரிடாவை விட்டு வெளியேறியபோது எஞ்சியிருந்த ஆதிக்குடி மக்கள் சிலரும் அவர்களோடு கியூபாவுக்குக் கப்பலேறினர். அந்த மொழி இன்று பரேஹாவின் நூல்கள் போன்ற சில ஏடுகளிலேதான் கிடக்கிறது. அவர்கள் வெட்டிய கல் மதிலிலே இருக்கிறது.

இனி முற்றுகைக்கு வருவோம். 1702 நவம்பரில் கரோலினாவின் ஆளுநர் ஜேம்ஸ் மூர் படையோடு வந்து ஊரைக் கைப்பற்றினார். ஸ்பானிய ஆளுநர் சூனிகா ஊர்மக்கள் அனைவரையும் கோட்டைக்குள் அழைத்துக்கொண்டு கதவை அடைத்தார். ஏறத்தாழ 1,500 பேர் அந்த முற்றத்துக்குள்ளே. ஆடுமாடுகளை அகழிக்குள் இறக்கினார்கள். ஐம்பது நாட்களுக்கு மேலாக முற்றுகை நீடித்தது. மூரின் பீரங்கிகள் சிறியவை. சிப்பிக்கல்லை அவற்றால் ஒன்றும் செய்ய இயலவில்லை. பெரிய பீரங்கி கேட்டு யமேய்க்காவுக்கு ஆள் அனுப்பினார். அது வருமுன் ஹவானாவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் வந்துவிட்டன. மூர் ஊருக்குத் தீ வைத்துவிட்டுத் தரைவழியே திரும்பினார். கதவு திறந்து வெளியே வந்த மக்களுக்கு உயிர் இருந்தது, வீடு இருக்கவில்லை.

முற்றத்தின் நடுவே நின்று அளந்து பார்த்தேன். எங்கள் கல்லூரி மைதானத்தில் பாதிகூட வராது. அதற்குள்ளே 1,500 பேர், குழந்தைகள், நோயாளிகள், கர்ப்பிணிகள். அப்போது எனக்குப் புறநானூற்றிலே கோவூர்கிழார் நினைவுக்கு வந்தார். நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருக்கிறான். நெடுங்கிள்ளி உள்ளே கதவடைத்து இருக்கிறான். உள்ளே யானைகள் நீராடப் பொய்கையின்றி வருந்துகின்றன. குழந்தைகள் பாலின்றி அழுகின்றன. பெண்கள் பூவற்ற கூந்தலை முடிந்துகொள்கிறார்கள். இதையெல்லாம் எடுத்துக்காட்டி, அறவழி நிற்பாயாயின் கதவைத் திற, மறவழி நிற்பாயாயின் வெளியே வந்து பொரு, இரண்டுமின்றி அடைத்துக்கொண்டு கிடப்பது நாணத்தக்கது என்று புலவர் இடித்துரைக்கிறார். முற்றுகைக்குள் இருக்கும் வீட்டுக்காரியின் கண்ணீரை அரசனின் முகத்துக்கு நேரே வைத்த பாட்டு அது.

கோவூர்கிழாரின் துலாக்கோலில் சூனிகாவை நிறுத்தால் அவர் நாணத்தக்கவரே. ஆனால் ஐம்பது நாள் நாணமின்றிக் கதவடைத்து இருந்தபடியால் அந்தக் குழந்தைகள் பிழைத்தன. புலவரைப் பழிக்க நான் வரவில்லை. அங்கே உறவினர் இருவரின் பகை. இங்கே கடல் கடந்து வந்த எதிரி. எனினும் முற்றுகை என்பது எங்களிற் பலருக்கு வெறும் பாடப்புத்தகச் சொல் அன்று. 1990இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்த முற்றுகையின்போது நான் சிறுவன். அப்போது மதிலுக்கு உள்ளே இருந்தவர்களும் வெளியே இருந்தவர்களும் பூச் சூடியிருந்தார்களோ இல்லையோ, சுற்றியிருந்த தெருக்களின் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு நடந்துகொண்டிருந்தன. ஆகவே அந்த முற்றத்திலே நின்றபோது ஆளுநர்களைவிட அந்த 1,500 பேரே என் மனத்தை நிறைத்தார்கள்.

1740இல் இரண்டாவது முற்றுகை. ஜோர்ஜியாவிலிருந்து ஜெனரல் ஓகில்தோப் வந்து, வாரக்கணக்கில் குண்டு பொழிந்து பார்த்துவிட்டு, யூலை மாதத்திலே திரும்பினார். இதில் நான் சொல்ல விரும்புவது கோட்டைக்கு வடக்கே இரண்டு மைல் தொலைவில் இருந்த மோசே என்ற சிறு அரணைப் பற்றி. ஆங்கிலேயரின் கரோலினாவிலிருந்து தப்பி ஓடிவந்த கறுப்பு அடிமைகள், கத்தோலிக்க சமயத்தைத் தழுவி அரசனுக்குப் படைத்தொண்டு செய்தால் விடுதலை பெறலாம் என்று ஸ்பானிய அரசு அறிவித்திருந்தது. அவ்வாறு வந்தவர்களுக்காக 1738இல் அமைந்ததே மோசே. அதன் படைத்தலைவர் பிரான்சிஸ்கோ மெனெண்டெஸ், தாமும் ஆபிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டவர். 1740இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட மோசேயை மீட்ட சண்டையே அந்த முற்றுகையின் போக்கை மாற்றியது. விடுதலை பெற்றவன் தன் விடுதலைக்காகச் சண்டையிட்டான். நொச்சிப் பூவுக்கு அவனைவிடத் தகுதியானவன் யார்? அதே ஸ்பானியர் அதே பட்டினத்தில் வேறு ஆபிரிக்கரை அடிமைகளாக வைத்திருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சரித்திரம் நமக்கு வசதியான வரியோடு நிற்பதில்லை.

இந்தக் கோட்டை ஒருபோதும் போரிலே வீழ்ந்ததில்லை. வழிகாட்டிகள் இதனைப் பெருமையோடு சொல்கிறார்கள், அது உண்மை. ஒப்பந்தங்களால் மட்டுமே கைமாறியது. 1763இல் ஆங்கிலேயரிடம், 1784இல் மீண்டும் ஸ்பானியரிடம், 1821இல் ஐக்கிய அமெரிக்காவிடம். அமெரிக்கர் 1825இல் இதற்குத் தம் தளபதி ஒருவரின் நினைவாக மேரியன் கோட்டை என்று பெயரிட்டனர். எதிரியை வெளியே நிறுத்துவதற்கென எழுப்பிய மதில், இனி ஆட்களை உள்ளே நிறுத்தப் பயன்பட்டது.

1837இல் செமினோல் மக்களின் தலைவர் ஒசியோலா சமாதானக் கொடியின் கீழ்ப் பேச வந்தபோது பிடிக்கப்பட்டு இங்கே அடைக்கப்பட்டார். தூதனைச் சிறைபிடித்தல் இழிவென்பது அக்காலத்து அமெரிக்கருக்கும் தெரியும். அவர்களுள்ளேயே பலர் கண்டித்தனர். அதே ஆண்டு நவம்பரில் கோவக்கூச்சி என்ற இளந்தலைவரும் மற்றும் சிலருமாக இருபது செமினோல் கைதிகள் உயரத்திலுள்ள ஒரு குறுகிய சாளரத்தின் வழியே அகழிக்குள் இறங்கித் தப்பினர். உடம்பை மெலியவைக்க உணவைக் குறைத்துக்கொண்டார்கள் என்று கதை சொல்கிறார்கள். ஒசியோலா அவர்களோடு போகவில்லை. வேறொரு கோட்டைக்கு மாற்றப்பட்டு 1838 ஜனவரியில் இறந்தார்.

நமது இலக்கியத்திலும் ஒரு சிறைப் பாட்டு உண்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தபோது பாடியதாகப் புறநானூறு தருவது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுப் பெறும் நிலைக்குத் தாழ்ந்த ஒரு மன்னனின் மானத்தைச் சொல்லும் பாட்டு. ஆயிரம் வெற்றிப் பாட்டுக்களுக்கு நடுவே அந்த ஒரு பாட்டு எப்போதும் என்னை நிறுத்திவைக்கும். மேரியன் கோட்டையிலும் கைதிகள் பாடினார்கள் என்று சொல்லலாம். ஆனால் சொற்களால் அல்ல, வர்ணப் பென்சில்களால்.

1875 மே மாதம். மேற்கேயுள்ள புல்வெளிகளில் அமெரிக்கப் படையோடு பொருது தோற்ற ஷையென், கையோவா, கொமாஞ்சி, அரப்பாஹோ மக்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை விலங்கிட்டுப் புகையிரதத்திலே ஏற்றிக் கொண்டுவந்தார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. வழியில் வண்டியிலிருந்து குதித்த ஷையென் தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மரமற்ற புல்வெளியிலே குதிரையில் வளர்ந்த அந்த மனிதர்கள் ஈரம் கசியும் சிப்பிக்கல் அறைகளில் வைக்கப்பட்டனர். கடலையே முன்பு கண்டிராதவர்கள். மூன்று ஆண்டுகள் இங்கே இருந்தனர்.

அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் றிச்சட் ஹென்றி பிராற் என்ற இராணுவ அதிகாரி. அவர் கொடியவர் அல்லர். விலங்குகளைக் கழற்றினார், காவலர்களை நீக்கிக் கைதிகளையே காவலுக்கு நிறுத்தினார். கூடவே அவர்களுடைய நீண்ட கூந்தலை வெட்டினார். இராணுவ உடை அணிவித்தார். வளைகூரை அறைகளிலே வகுப்பு நடத்தினார். ஊரிலிருந்த கல்விமான்களான பெண்மணிகள் சம்பளமின்றி வந்து ஆங்கிலம் கற்பித்தனர். நாவலாசிரியை ஹரியற் பீச்சர் ஸ்ரோ வந்து பார்த்துப் பாராட்டி எழுதினார்.

அந்தக் கைதிகளில் இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கணக்கெழுதும் கொப்பிகளிலும் சித்திரக் கொப்பிகளிலும் படம் வரைந்தார்கள். முன்பு எருமைத் தோலிலே வீரச் செயல்களைத் தீட்டிய மரபு அவர்களுடையது. இப்போது தோல் இல்லை. கோடு போட்ட தாள் இருந்தது. வேட்டை, சண்டை, காதலர் சந்திப்பு, புகையிரதப் பயணம், கோட்டை மதில், தாங்கள் இருந்து படித்த வகுப்பறை எல்லாவற்றையும் வரைந்தனர். ஆளின் தலைக்கு மேலே சிறு உருவம் ஒன்றை வரைந்து ஒரு கோட்டால் இணைத்துவிடுவார்கள். ஓநாய் உருவம் இருந்தால் ஓநாய் என்பது அவன் பெயர். எழுத்தில்லாத பெயர்ப்பலகை. வீரனின் உருவமும் பெயரும் செயலும் பொறித்த நம் நடுகற்கள் என் கண்முன் வந்தன. உல்லாசப் பயணிகள் ஒரு கொப்பிக்கு இரண்டு டொலர் கொடுத்து வாங்கிச் சென்றனர். அவ்வாறு போனவற்றிற் பல இன்று பெரும் நூதனசாலைகளில் பாதுகாக்கப்படுகின்றன. கோட்டையின் சில அறைச் சுவர்களிலும் கைதிகள் கீறிய உருவங்கள் மங்கலாகத் தெரிகின்றன.

1878இல் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். தம் பரிசோதனை வெற்றி என்று பிராற் முடிவு செய்தார். மறு ஆண்டே பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற இடத்தில் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் திறந்தார். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கொண்டுவந்து, தலைமயிரை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியில் ஒரு சொல்கூடப் பேசக்கூடாதென விதித்த பாடசாலை. பேசினால் தண்டனை. 1918இல் அது மூடப்படும்வரை ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதன் வழியே சென்றனர். அங்கேயே புதைக்கப்பட்டவர்களும் பலர். அதைப் பார்த்து நாடெங்கும் அத்தகைய பாடசாலைகள் எழுந்தன. 1886இலும் 1887இலும் இதே கோட்டையில் ஏறத்தாழ ஐந்நூறு அப்பாச்சி மக்கள் அடைக்கப்பட்டனர். எங்கள் வீட்டு அப்பாச்சி அல்ல, மேற்குப் பாலைநிலத்தின் அப்பாச்சி. அவர்களிலும் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அந்தக் குழந்தைகளிலே பலரையும் தாய்மாரிடமிருந்து பிரித்துக் கார்லைலுக்கு அனுப்பினார்கள். 2024 ஒக்ரோபரில் அமெரிக்க ஜனாதிபதி பைடன் இந்த விடுதிப் பாடசாலைகளுக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இதை வாசித்துக்கொண்டு நின்றபோது எனக்கு மேலே கொத்தளத்துக்கு ஏற மனம் வரவில்லை. பெறாமகன், "ஏன் சித்தப்பா, களைச்சுப் போனீங்களோ?" என்று கேட்டான். நான் ஒரு மொழியாசிரியன். கரும்பலகைக்கு முன்னே நிற்பதே என் பிழைப்பு. இருபத்துமூன்று ஆண்டுகள் பாடுபட்டு எழுப்பி, எந்தப் பீரங்கியாலும் பிளக்க முடியாத மதிலுக்குள்ளே, ஒரு கரும்பலகையும் வெண்கட்டியும் அன்பான சில ஆசிரியைகளும் கொண்டு இத்தனை மொழிகளைப் பிளக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டதே! வெறுப்போடு வந்த மூரின் குண்டுகள் மதிலிலே அமிழ்ந்து நின்றன. நல்லெண்ணத்தோடு வந்த பாடம் நேரே உள்ளே போயிற்று. உழிஞைக்கும் நொச்சிக்கும் இலக்கணம் வகுத்தவர்கள் இந்த முற்றுகையை நினைத்திருக்க மாட்டார்கள்.

அன்று வார இறுதி. பழைய ஸ்பானியச் சீருடை அணிந்த தொண்டர்கள் மேலே பீரங்கி வெடித்துக் காட்டினார்கள். கட்டளைகளை உரத்த குரலில் ஸ்பானிய மொழியிலேயே கொடுத்தார்கள். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அழகான காட்சிதான், நானும் ரசித்தேன். ஸ்பானியம் அங்கே ஒலிக்கிறது, ஆங்கிலம் எங்கும் ஒலிக்கிறது. கல் சுமந்தவர்களின் திமுக்குவாவும், அடைபட்டவர்களின் கையோவாவும் அங்கே எனக்குக் கேட்கவில்லை.

அந்தச் சித்திரக்காரருள் ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஷையென் இளைஞர் ஒருவர். ஓக்கர்ஹேட்டர் என்பது அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய வடிவம். மேரியன் கோட்டையிலே ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்றார். கொப்பிகளிலே தம் மக்களின் சடங்குகளையும் வேட்டைகளையும் வரைந்தார். விடுதலையான பின் நியூயோர்க் மாநிலத்துக்குச் சென்று சமயக் கல்வி பயின்று, எபிஸ்கோப்பல் திருச்சபையின் துணைக்குருவானார். 1881இல், இன்று ஒக்லகோமா என்று வழங்கும் நிலத்திலே வாழ்ந்த தம் மக்களிடம் திரும்பிப் போனார். 1931இல் இறக்கும்வரை அவர்களிடையேதான் இருந்தார். அவருக்கு மதில் கற்பித்தது ஆங்கிலம். அங்கே அவர் வழிபாடு நடத்தியது ஷையென் மொழியில்.